தேரை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மொரீஷியஸில் மழை தொடங்கியதும் இந்தப் பகுதிக்குத் தேரையைப் பற்றிய கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். இந்த ஆண்டும் அப்படியே வந்தன. ஒன்றோடொன்று தொடர்புடைய கேள்விகளைத் தேர்ந்தெடுத்து, இந்த இதழின் கேள்வி–பதில் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

ரோஸ் ஹில் வாசகி ஒருவர்: ஐயா, தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கும் நாட்களில் எங்கள் தோட்டத்திலும் கோவிலுக்குப் பின்னால் நீர் தேங்கும் பள்ளத்திலும் இரவெல்லாம் தேரைகள் கத்துகின்றன. அந்தக் காலத்தில் இந்தத் தீவில் இப்படியொரு சத்தமே கிடையாது என்று தம் மாமியார் சொல்லியதாக என் பாட்டி சொல்லுவார். இது உண்மையா?

பதில்: உண்மைதான். மொரீஷியஸ் மண்ணுக்கே உரிய தவளையோ தேரையோ ஒன்றுகூடக் கிடையாது. அருகிலுள்ள ரீயூனியன் தீவிலும் அதே நிலைதான். இரண்டும் கடலடி எரிமலைகளிலிருந்து எழுந்த தீவுகள். எந்தக் கண்டத்தோடும் அவை ஒருகாலும் ஒட்டியிருந்ததில்லை. பறவை பறந்து வரும், பல்லி மிதக்கும் மரத்தைப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் தவளை, தேரை போன்ற இருவாழ்விகளின் தோல் நீரை உள்ளே விடும் தன்மையுடையதாகையால், உப்புநீரில் அவையும் அவற்றின் முட்டைகளும் பிழைப்பது மிகவும் அரிது. 1836-இல் பீகிள் கப்பலில் போர்ட் லூயிஸ் வந்திறங்கிய சார்லஸ் டார்வின், 1859-இல் வெளியிட்ட உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூலில் இதைக் குறித்திருக்கிறார். பெருங்கடல் தீவுகளில் இயல்பாகத் தவளை இல்லை, ஆனால் மதீரா, அசோர்ஸ், மொரீஷியஸ் ஆகிய இடங்களில் மனிதர் கொண்டுவந்து விட்டபோது அவை தொல்லையாகும் அளவுக்குப் பெருகின, ஆகவே இந்தத் தீவுகள் அவற்றுக்கு ஒவ்வாதவை என்று சொல்ல முடியாது என்பது அவர் வாதம். டார்வின் குறிப்பிட்ட காலத்துத் தவளை, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மடகாஸ்கரிலிருந்து வந்த ஒல்லியான புல்வெளித் தவளை. அதை இன்றும் ஓடைக் கரைகளில் பார்க்கலாம்.

உங்கள் தோட்டத்தில் கத்துவது வேறு. அது 1922-இல் வந்தது. போர்ட் லூயிஸ் துறைமுகத்தின் கப்பல்துறை நிர்வாகத்தில் பொறுப்பு வகித்த கப்ரியேல் ரெஞ்யார் என்பவர், கரும்பின் வேரைத் தின்று அழித்துக்கொண்டிருந்த வண்டுகளை ஒழிப்பதற்காகத் தென்னாப்பிரிக்காவிலிருந்து தேரைகளை வரவழைத்தார். ஆங்கிலத்தில் கட்டுரல் தேரை என்று வழங்கும் இதன் அறிவியல் பெயர் ஸ்கிளெரோஃப்ரிஸ் கட்டுராலிஸ். கிழக்கு, தென்னாப்பிரிக்கப் புல்வெளிகளிலும் மரங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் சவானா நிலங்களிலும் பரவலாக வாழ்வது. மொரீஷியஸ், ரீயூனியன், கேப் டவுன் ஆகிய மூன்று இடங்களிலும் புதிதாகக் குடியேறியுள்ள இத்தேரைகளின் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள், மூன்றின் பூர்வீகமும் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சூழ்ந்த பகுதியே என்று கண்டிருக்கிறார்கள். கரும்புக்காக நம் முன்னோர் இங்கும் டர்பனுக்கும் கப்பலேறினார்கள்; அதே கரும்பின் பெயரால் தேரையும் கப்பலேறியிருக்கிறது.

இதை அடையாளம் காண்பது எளிது. பழுப்பு முதுகில் இரண்டிரண்டாகக் கரும்புள்ளித் திட்டுகள் இருக்கும். மூக்கின்மேல் ஒரு ஜோடி, கண்களுக்குப் பின்னால் ஒரு ஜோடி என அமைந்த திட்டுகளுக்கு நடுவே விடுபட்ட வெளிர்நிறம், தலையுச்சியில் ஒரு சிலுவைக் குறியாகத் தெரியும். பின்காலை மெல்ல விரித்தால் தொடையின் உட்புறத்தில் சிவப்புத் தீற்றல்கள் இருக்கும். ஆணின் தொண்டை கறுத்திருக்கும். கத்துவதும் ஆணே, பெண் கத்துவதில்லை. ஒரு ஆண் கரகரவென்று ஒரு விநாடி இழுத்து நிறுத்தியதும் பக்கத்தில் இருப்பது தொடங்கும். இப்படி மாறிமாறிக் கத்துவதால்தான் உங்களுக்கு இரவு முழுவதும் இடைவெளியே இல்லாத ஒரே சத்தமாகக் கேட்கிறது.

த்ரியோலே வாசகர் ஒருவர்: நான் கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தேரை வண்டைத் தின்று நான் பார்த்திருக்கிறேன். ஆனால் வண்டு குறைந்ததாகத் தெரியவில்லை. கொண்டுவந்த காரியம் நடந்ததா?

பதில்: நடக்கவில்லை. நீங்கள் சொல்லும் வண்டு 1911-இல் இங்கே முதன்முதலாகக் கவனத்துக்கு வந்தது. கரீபியக் கடலின் பார்படாஸ் தீவிலிருந்து கரும்புக் கரணைகளோடு வந்து சேர்ந்தது. பயிரைக் கெடுப்பது வளர்ந்த வண்டு அன்று, மண்ணுக்குள் வேரைக் கடிக்கும் அதன் வெண்புழுவே. தேரையோ தரைக்கு மேலே, கண்ணெதிரே அசைவதை மட்டும் இரையாகக் காணும் பிராணி; மண்ணைக் கிளறிப் புழுவைத் தேட அதற்குத் தெரியாது. வெளியே வரும் வண்டுகளில் சிலவற்றைத் தின்றாலும், எறும்பு, கறையான், மரவட்டை என்று அதன் முன் எது அதிகமாக ஊர்கிறதோ அதையே அதிகம் தின்னும். உண்மையில் ஓரளவு பயன் தந்தது, அதே பார்படாஸிலிருந்து வரவழைக்கப்பட்ட ஒரு குளவி. அது மண்ணுக்குள் நுழைந்து வெண்புழுவின் உடலிலேயே முட்டையிட்டது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் 1935-இல் தென்னமெரிக்கப் பெருந்தேரையைக் கரும்பு வண்டுக்கு எதிராக இறக்கியதும் இதே தவற்றின் மறுபதிப்புதான். நமக்குப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து அவர்கள் செய்தது.

க்யூர்பிப் கல்லூரி மாணவர் ஒருவர்: டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் வசிக்கும் என் சித்தப்பா அனுப்பிய படத்தில் தேரை அவர் உள்ளங்கையை நிறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. எங்கள் வீட்டுத் தேரை அதில் பாதிதான் இருக்கும் போலிருக்கிறது. இரண்டும் ஒரே இனமா?

பதில்: ஒரே இனம்தான். இன்று வந்த கேள்விகளில் மிக நல்ல கேள்வி உங்களுடையது. உங்கள் கண்ணில் பட்ட வேறுபாட்டை ஆய்வாளர்கள் அளந்து பார்த்து, 2020-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். டர்பன் தேரைகளையும் மொரீஷியஸ், ரீயூனியன் தேரைகளையும் ஒப்பிட்டபோது, மொரீஷியஸ் பெண் தேரைகள் டர்பன் பெண்களைவிட 33.9 விழுக்காடு சிறியவை என்றும், ரீயூனியன் பெண்கள் 25.9 விழுக்காடு சிறியவை என்றும் தெரிந்தது. மொரீஷியஸ் ஆண்களும் 22.4 விழுக்காடு குறுகியிருந்தன. அதோடு, உடலின் நீளத்தோடு ஒப்பிடும்போது பின்கால்களும் இரண்டு தீவுகளிலும் குட்டையாகியிருந்தன; இந்தக் குறைவு 3.4 முதல் 9 விழுக்காடு வரை. பாதி என்று நீங்கள் மதிப்பிட்டது சற்று மிகை; மூன்றில் ஒரு பங்கு குறைந்துள்ளது என்பதே சரி. ஆனால் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் எடை அதைவிட மிக அதிகமாகக் குறையும் என்பதால், கையில் ஏந்திப் பார்ப்பவருக்குப் பாதிக்கும் குறைவாகவே தோன்றும்.

தீவுக்கு வந்து சேரும் உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாக உருவம் மாறுவது புதிய செய்தி அன்று. பெரியவை சிறுத்துப்போவதைத் தீவுக் குறுமை என்று சொல்லலாம். மத்தியதரைக் கடலின் தீவுகளில் யானைகள் குள்ளமாகிப்போன கதையைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அவையெல்லாம் பல்லாயிரம் ஆண்டுகளில் நடந்தவை. நம் தேரையோ நூறு ஆண்டு நிறைவதற்குள் குறுகிவிட்டது. அதுதான் ஆய்வாளர்களை வியக்க வைத்தது.

ஏன் குறுகியது என்பதற்கு இரண்டு வழிகளில் விளக்கம் தேடப்படுகிறது. ஒன்று, மரபுவழி மாற்றம். டர்பன் பக்கத்துப் புல்வெளியில் தேரைகளையே முக்கிய உணவாகக் கொண்ட நைட் ஆடர் என்னும் விரியன் வகைப் பாம்பு உண்டு. அங்கே பெரிய உடலும் நீண்ட காலும் பிழைக்க உதவும். இங்கே அப்படியொரு வேட்டைப் பாம்பு கிடையாது. ஓடித் தப்பவேண்டிய தேவை குறைந்த இடத்தில், சீக்கிரம் முதிர்ந்து சீக்கிரம் முட்டையிடும் சிறிய உடலே அதிகக் குஞ்சுகளை விட்டுச்செல்லலாம். மற்றொன்று, வளர்ப்பின் விளைவு: நெருக்கமாக வாழும் இடத்தில் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் தீனி குறைந்து, உடல் வளர்ச்சி முன்கூட்டியே நின்றுபோவது. இரண்டும் சேர்ந்தும் நடந்திருக்கலாம். அந்த ஆய்வை எழுதியவர்களே இவற்றில் எதையும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. டர்பன் முட்டையையும் மொரீஷியஸ் முட்டையையும் ஒரே தொட்டியில், ஒரே தீனி போட்டு வளர்த்துப் பார்த்தால்தான் பிரித்தறிய முடியும். உயிரியல் படிக்கும் உங்களுக்கு அந்த வகைச் சோதனையில் ஆர்வம் பிறந்தால் மகிழ்வேன்.

இன்னும் ஒன்று: உங்கள் சித்தப்பா கையில் இருப்பது அநேகமாகப் பெண். இந்த இனத்தில் பெண்ணே பெரியது. ஆப்பிரிக்காவில் 10 சென்டிமீட்டரைத் தாண்டுவது சாதாரணம். உங்கள் வீட்டு வாசலில் விளக்கடியில் கண்டது ஆணாக இருந்தால் வேறுபாடு இன்னும் கூடுதலாகத் தெரிந்திருக்கும். பெண்ணோடு பெண்ணை ஒப்பிடவேண்டும்.

ரீயூனியன், சான்-தாந்த்ரே வாசகர் ஒருவர்: எங்கள் தீவுக்குத் தேரையைக் கொசு ஒழிப்பதற்காகக் கொண்டுவந்தார்கள் என்று கேள்வி. அதனால்தான் மலேரியா போயிற்றா?

பதில்: கொண்டுவந்த காரணம் நீங்கள் சொன்னதே. 1927-இல் மொரீஷியஸிலிருந்து தேரைகள் உங்கள் தீவுக்கு எடுத்துச் செல்லப்பட்டன. மலேரியா என்றால் அந்தக் காலத்தில் இரு தீவுகளுக்கும் குலைநடுக்கம். 1866-67-இல் மொரீஷியஸில் பரவிய கொள்ளைக் காய்ச்சலுக்குப் பயந்து போர்ட் லூயிஸ் மக்கள் க்யூர்பிப் மேட்டுநிலத்துக்குக் குடிபெயர்ந்ததும், மலேரியாவைக் கொசு பரப்புவதைக் கண்டறிந்த ரொனால்ட் ராஸ் 1907-இல் இங்கே அழைக்கப்பட்டதும் அந்த அச்சத்தின் சாட்சிகள். ஆனால் தேரை அந்த நோயை ஒழிக்கவில்லை. கொசு மிகச் சிறியது, பறப்பது. தரையில் அமர்ந்து நாக்கை வீசும் தேரைக்கு அது எப்போதாவதுதான் அகப்படும். நீரில் இருக்கும் கொசுப்புழுவைத் தலைப்பிரட்டை தின்றுவிடும் என்று பலர் எண்ணுவதும் சரியன்று. இந்தத் தலைப்பிரட்டைகள் பாறையில் படிந்த பாசியையும் மட்கியதையும் சுரண்டித் தின்பவை. மலேரியாவை விரட்டியது மருந்துத் தெளிப்பும், நீர்த்தேக்கங்களைச் சீர்செய்ததும், நோயாளிகளைத் தேடிச் சிகிச்சை தந்ததும். 1973-இல் மொரீஷியஸும் 1979-இல் ரீயூனியனும் மலேரியா அற்றவையாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டன. 1975-இல் கெர்வெய்ஸ் புயலுக்குப் பின் மொரீஷியஸில் நோய் திரும்பி வந்தபோது, தீவு முழுவதும் தேரைகள் நிறைந்தே இருந்தன என்பதை எண்ணிப் பாருங்கள்.

குட்லண்ட்ஸ் வாசகி ஒருவர்: எங்கள் நாய்க்குட்டி தேரையைக் கவ்விவிட்டு வாயில் நுரை தள்ளியது. என்ன செய்யவேண்டும்? தேரை பட்டால் குழந்தைகளுக்குப் பாலுண்ணி வருமா?

பதில்: தேரையின் கண்ணுக்குப் பின்னால், இரு பக்கமும் புடைத்த நீள்வட்ட மேடுகள் இரண்டு உண்டு. அவை நச்சுச் சுரப்பிகள். கடிப்பவரின் வாயில் அழுத்தம் படும்போது அவற்றிலிருந்து பால்போன்ற கசிவு வெளிப்படும்; அதில் உள்ள வேதிப்பொருள்கள் இதயத்தின் துடிப்பையே பாதிக்கக்கூடியவை. நாய் கவ்வியது தெரிந்தவுடன், அதன் தலையைத் தாழ்த்தி, வாயின் பக்கவாட்டில் குழாய் நீரை மெதுவாக விட்டு வெளியே வழியுமாறு பல நிமிடம் கழுவுங்கள். தொண்டைக்குள் நீர் போய்விடக் கூடாது. ஈறுகளையும் நாக்கையும் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். எச்சில் வடிவதும் தலையை உதறுவதும் மட்டுமே இருந்தால் பெரும்பாலும் தேறிவிடும். நடை தள்ளாடினாலோ, உடல் உதறினாலோ, ஈறு மிகவும் சிவந்தாலோ கால்நடை மருத்துவரிடம் உடனே கொண்டுசெல்லுங்கள். குட்டிகளுக்கும் சிறிய இன நாய்களுக்கும் ஆபத்து அதிகம். பால் புகட்டுவது, எண்ணெய் ஊற்றுவது போன்ற வீட்டு வைத்தியங்களால் நேரந்தான் வீணாகும்.

பாலுண்ணி வராது. அது வைரஸால் வருவது. தேரையின் முதுகுத் தடிப்புகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனாலும் தொட்ட கையால் கண்ணைக் கசக்கினால் எரியும் என்பதால், கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். தேரை விழுந்த தேங்காய் என்று சொல்வதற்கும் இந்தப் பிராணி பொறுப்பன்று. பூச்சித் தாக்குதல், மகரந்தச் சேர்க்கைக் குறை, சத்துக்குறை ஆகியவையே காய் சுருங்கி உள்ளீடற்றுப் போவதற்குக் காரணங்கள்.

கான் ஜாப்ல் வாசகர் ஒருவர்: கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் இறைவன் படியளக்கிறான் என்கிறோம். கல்லுக்குள் தேரை உயிரோடு இருக்க முடியுமா?

பதில்: இறைவனின் கருணையைச் சொல்வதற்கு எழுந்த வாக்கை அளவுகோல் வைத்து அளப்பது முறையன்று, ஆனால் தேரையின் இயல்பைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். இங்கிலாந்தின் நிலவியல் அறிஞர் வில்லியம் பக்லண்ட் 1825-இல் இதைச் சோதித்தே பார்த்தார். நுண்துளைகள் நிறைந்த சுண்ணாம்புக்கல்லிலும் இறுக்கமான மணற்கல்லிலும் குழிகள் குடைந்து, ஒவ்வொன்றிலும் ஒரு தேரையாக 24 தேரைகளை வைத்து, கண்ணாடியால் மூடி, தம் தோட்டத்து மண்ணில் புதைத்துவைத்தார். ஓராண்டு கழித்துத் திறந்தபோது மணற்கல்லுக்குள் இருந்தவை எல்லாம் இறந்திருந்தன. சுண்ணாம்புக்கல்லுக்குள் பல உயிரோடு இருந்தன. மீண்டும் மூடிவைத்ததில் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் அவையும் இறந்தன. கொடுமையான சோதனைதான், ஆனால் விடை தெளிவாகக் கிடைத்தது: காற்றும் ஈரமும் சிறிதாவது புகும் பிளவுக்குள் தேரை நெடுங்காலம் தாக்குப்பிடிக்கும், முற்றிலும் மூடிய கல்லுக்குள் பிழைக்காது.

தாக்குப்பிடிப்பதற்கு அதன் உடலமைப்பே உதவுகிறது. தேரை வாயால் நீர் அருந்துவதில்லை. அடிவயிற்றிலும் தொடையின் உட்புறத்திலும் உள்ள மெல்லிய தோல்பகுதியை ஈரத்தரையில் அழுத்திப் படுத்து, அதன் வழியாகவே உறிஞ்சிக்கொள்ளும். வெயில் நாட்களில் உங்கள் தோட்டத்துப் பூத்தொட்டியை நகர்த்திப் பார்த்தால், அடியில் வயிற்றை மண்ணோடு ஒட்டிக்கொண்டு, கால்களை உள்ளே மடக்கிக் கிடக்கும். தோலைக் கழற்றும் நேரத்தில் பார்க்கக் கிடைத்தால் இன்னும் வியப்பு: முதுகு நடுவில் பிளந்த பழைய தோலை முன்கால்களால் வாய்ப்பக்கம் இழுத்து இழுத்து, சட்டையைக் கழற்றுவதுபோல் கழற்றி, அப்படியே விழுங்கிவிடும். விழுங்கும்போது கண்கள் இரண்டும் உள்ளே அமிழ்ந்து இரையைத் தொண்டைக்குள் தள்ளும். பக்தி வேறு, பார்வை வேறு. இரண்டுக்கும் இடம் உண்டு.

போ பாஸேன் வாசகி ஒருவர்: என் மகள் கனடாவில், வின்னிபெக்கில் இருக்கிறாள். மைல்கணக்கில் புல்வெளி, நவம்பரிலிருந்து தரை கல்லாக உறைந்துவிடும் என்கிறாள். அங்கும் சிறிய தேரை உண்டு என்று படம் அனுப்பினாள். அவ்வளவு குளிரில் அது எப்படிப் பிழைக்கிறது?

பதில்: அவர் கண்டது பெரும்பாலும் கனடியத் தேரை, அனாக்ஸிரஸ் ஹெமியோஃப்ரிஸ். ஆல்பெர்ட்டா, சஸ்காச்சுவான், மேனிடோபா மாநிலங்களிலும், எல்லைக்குத் தெற்கே அமெரிக்காவின் மினசோட்டா, டகோட்டா மாநிலங்களிலும், ப்ரேரி எனப்படும் பெரும் புல்வெளிகளின் குட்டை ஓரங்களில் வாழ்வது. ஏறக்குறைய 5 முதல் 7 சென்டிமீட்டர் நீளமே இருக்கும். இரு கண்களுக்கும் இடையே எலும்பு ஒன்றாகத் திரண்டு மேடிட்டிருப்பதை வைத்து இனம் காணலாம். துரத்தினால் நம் தேரையைப்போல் செடிக்குள் ஒளியாது, குட்டைக்குள் குதித்து நீந்திப் போய்விடும்.

உறைபனியைத் தாங்கும் தவளைகள் சில வட அமெரிக்காவில் உண்டு. அவற்றின் உடலுக்குள்ளேயே பனிக்கட்டி உருவாகி, வசந்தத்தில் உருகி, மீண்டும் உயிர்பெற்று எழும். கனடியத் தேரைக்கு அந்த வித்தை கிடையாது. உறைந்தால் இறந்துவிடும். அதனால் உறையாத ஆழத்துக்கு இறங்குவதே அதற்கு வழி. பின்பாதத்தில் உள்ள கடினமான இரு புடைப்புகளைக் கொண்டு, முகம் வெளியே பார்த்தபடி, பின்னோக்கியே மண்ணைத் தோண்டிக்கொண்டு கீழே போகும். அந்தப் புல்வெளிகளில் அங்கங்கே சிறு மண்மேடுகள் இருக்கின்றன. வளைதோண்டும் விலங்குகளால் பொதுபொதுவென்று ஆகிவிட்ட அந்த மண் தோண்டுவதற்கு எளிது. இலையுதிர்காலத்தில் சுற்றுவட்டாரத் தேரைகள் எல்லாம் ஒரே மேட்டைத் தேடி வந்து சேரும். ஒரே மேட்டில் ஆயிரக்கணக்கில் அடைந்திருந்ததை மினசோட்டாவின் வாபன் புல்வெளியில் கண்டிருக்கிறார்கள்.

மண்ணுக்குள் போனபின் அவை என்ன செய்கின்றன என்பதைக் கண்டறிந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே ஆய்வு செய்த பிரெக்கன்ரிட்ஜ், டெஸ்டர் என்னும் இருவர், கதிரியக்கம் கொண்ட டாண்டலம் கம்பித் துண்டுகளைத் தேரைகளின் தோலுக்கடியில் செருகி விட்டார்கள். மேலே பனியில் நின்றபடி, கதிரியக்கத்தை அளக்கும் கருவியால் கீழே இருக்கும் தேரையின் இடத்தைத் தொடர்ந்து குறித்துக்கொண்டார்கள். தேரை ஒரே இடத்தில் மரத்துப்போய்க் கிடக்கவில்லை என்று தெரிந்தது. குளிர்காலம் முற்ற முற்ற உறைநிலை மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே போகிறது அல்லவா? தேரையும் அதற்குச் சற்றுக் கீழேயே இருக்குமாறு, ஒரு மீட்டருக்கும் அதிகமான ஆழம்வரை, மெல்ல மெல்லத் தோண்டிக்கொண்டே இறங்குகிறது. வசந்தத்தில் மண் இளகியதும் மேலே வந்து, குட்டைக்குப் போய், நீண்ட சரங்களாக முட்டையிடும். கோடை குறுகியது என்பதால் தலைப்பிரட்டைகள் தாமதிக்க நேரமில்லை; பருவம் மாறுவதற்குள் கால் முளைத்துக் கரையேறி, கொழுத்து, அதே மேட்டைத் தேடவேண்டும்.

இயல்பிலேயே இன்னும் சிறிய புல்வெளித் தேரைகளும் உண்டு. அமெரிக்காவின் கான்சாஸ், கொலராடோ முதல் மெக்சிகோ வரை வறண்ட குறும்புல் நிலங்களில் வாழும் பச்சைத் தேரை 3 முதல் 5 சென்டிமீட்டர்தான். பளிச்சென்ற பச்சையில் கரும்புள்ளிகள், மழைக்குப் பின் மட்டும் வெளிவந்து சுவர்க்கோழிபோல் ரீங்கரிக்கும். தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாநிலத்து அமத்தோலே மலைப் புல்வெளியில் 4 சென்டிமீட்டரும் நிரம்பாத ஒரு தேரை உண்டு. 1998-க்குப் பின் யார் கண்ணிலும் படாமல், அழிந்தே போயிற்று என்று அஞ்சியிருந்த நிலையில், 2011-இல் ஜீன் டாரன்ட் என்னும் ஆய்வாளர் அதை மீண்டும் கண்டெடுத்தார். புல்வெளியைப் பைன் மரத் தோட்டமாக்கியதுதான் அதற்கு வந்த பெரிய கேடு. ஒரே நாட்டின் இரண்டு தேரைகள்: ஒன்று கடல் தாண்டிப் போன இடமெல்லாம் பெருகுகிறது, மற்றொன்று சொந்த மலையிலேயே இடமில்லாமல் தவிக்கிறது.

கத்ர் போர்ன் வாசகர் ஒருவர்: இத்தனை ஆண்டுகள் இங்கேயே இருந்துவிட்ட தேரையால் இனி என்ன கெடுதல்? தோட்டத்துப் பூச்சியைத் தின்கிறது என்று நான் விட்டுவைத்திருக்கிறேன். முட்டைச் சரங்களை என்ன செய்வது?

பதில்: தோட்டத்தில் மட்டும் இருந்தால் கேள்வியே இல்லை. காட்டுக்குள்ளும் அது நிறைந்திருக்கிறது என்பதே சிக்கல். மொரீஷியஸின் எஞ்சிய இயற்கைக் காடுகளில் பிடித்த தேரைகளின் வயிற்றை ஆராய்ந்தபோது, பெரும்பாலும் பூச்சிகளும் மரவட்டைகளும் இருந்தாலும், இந்தத் தீவில் மட்டுமே வாழும் நத்தைகளும் அகப்பட்டன. அவற்றில் ஒன்று, அழிந்துவிட்டதாகக் கருதப்பட்டு இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் கண்டெடுக்கப்பட்ட ஓம்ஃபலோட்ரோபிஸ் பிளிகோசா என்னும் சிறு நத்தை. தரையில் ஓடும் நம் காட்டு வண்டினங்கள் சில மறைந்துபோனதற்கும் தேரை ஒரு காரணமாக இருக்கக்கூடும் என்று எழுதியிருக்கிறார்கள். லட்சக்கணக்கான ஆண்டுகள் தேரை என்ற ஒன்றே இல்லாத தரையில் உருவான உயிர்களுக்கு, அதன் நாக்கிலிருந்து தப்பும் வழி எப்படித் தெரிந்திருக்கும்? கேப் டவுனின் கான்ஸ்டான்ஷியா பகுதியில் 2000-இல் இதே தேரை தற்செயலாக வந்து சேர்ந்தபோது, அங்குள்ள அருகிவரும் சிறுத்தைத் தேரைக்கு ஆபத்து என்று கருதி, 2010 முதல் வீட்டுக்கு வீடு குட்டைகளைத் தேடிப் பிடிக்கத் தொடங்கினார்கள். ஒரு நூற்றாண்டு பரவிவிட்ட நம் தீவில் அப்படி ஒழிப்பது நடவாத காரியம். அரிய நத்தைகள் உள்ள சிறு காட்டுப் பகுதிகளை மட்டும் வேலியிட்டுக் காப்பதே செய்யக்கூடியது என்பது என் கருத்து.

உங்கள் வீட்டுத் தொட்டியில் உள்ளதற்கு வருவோம். பெண் தேரை ஒரே இரவில் 20,000 முட்டைகள் வரை இடக்கூடும். நீர்ச்செடிகளைச் சுற்றிக் கருமணிகள் கோத்த கூழ்ச்சரமாக இருக்கும். ஒரு சரத்தை இழுத்தால் மற்றதும் கூடவே வரும், ஏனெனில் இரண்டிரண்டாகவே வெளிவருகின்றன. ஓரிரு நாட்களில் பொரிந்துவிடுவதால், கண்ட காலையிலேயே கையுறை அணிந்து அள்ளி, வெயில் படும் உலர்ந்த மண்ணில் பரப்பிவிடுங்கள். முட்டையிலும் நஞ்சு உண்டு. கோழியும் வாத்தும் கொத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அள்ளத் தவறினால் கறுத்த தலைப்பிரட்டைகள் கூட்டங்கூட்டமாகத் தொட்டியின் ஓரத்தில் மொய்க்கும், ஒரு மாதத்திலிருந்து ஒன்றரை மாதத்துக்குள் விரல்நகம் அளவுக் குட்டிகளாகிக் கரையேறும். அவற்றை வாளியில் எடுத்துப்போய் ஆற்றிலோ காட்டோடையிலோ விடுவது சிலருக்குப் புண்ணியமாகத் தோன்றலாம்; தயவுசெய்து செய்யாதீர்கள். தொட்டியின் வாயை வலையால் மூடி, விளிம்பை ஒரு முழம் உயர்த்திவிட்டால், அடுத்த மழைக்குப் பெண் தேரை ஏறி வர முடியாது.